சமையலறை அலமாரி: பெயிண்ட் போதுமா, பெயர்த்துத்தான் ஆக வேண்டுமா?

அலமாரி பழசாகிவிட்டது என்று சொல்லும்போது பெரும்பாலும் கதவைத்தான் சொல்கிறோம். நிறம் மங்கியிருக்கும், கைப்பிடியைச் சுற்றிக் கறுத்திருக்கும், அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். ஆனால் கதவு வெறும் முகம். பாத்திரத்தையும் மேடைக் கல்லையும் தாங்குவது பின்னால் இருக்கும் பெட்டி. பெட்டி திடமாக இருந்தால் கதவுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்: பெயிண்ட் அடிக்கலாம், புதுக் கதவு மாட்டலாம், கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். பெட்டி போய்விட்டிருந்தால், அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் காசைக் கரைத்து ஊற்றியதுதான்.

அதனால் வண்ண அட்டையை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு டார்ச், ஒரு திருப்புளி, ஒரு அளவு டேப், கொஞ்சம் ஒட்டும் டேப், ஒரு பிளேடு. இவ்வளவு போதும். அரை மணி நேரத்தில் முக்கால் முடிவு கையில் வந்துவிடும்.

சிங்க்குக்கு அடியில் தொடங்குங்கள்

ஒரு சமையலறையில் முதலில் கெடும் பெட்டி சிங்க்குக்கு அடியில் இருப்பது. அதற்குள் இருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். அடிப்பலகையில் மூன்று இடங்களைப் பாருங்கள்: குழாய் இறங்கும் ஓட்டையின் விளிம்பு, பின்பக்க மூலை, கதவுக்கு நேர் கீழே உள்ள முன் ஓரம். திருப்புளியின் நுனியை வைத்துக் கட்டைவிரல் பலத்தில் மட்டும் அழுத்துங்கள். நல்ல பலகையில் சின்னத் தழும்பு விழும், அவ்வளவுதான். நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே இறங்கினாலோ, ஈர பிஸ்கட் போல உதிர்ந்தாலோ பலகையின் பலம் போய்விட்டது.

அடுத்து கனத்தை அளந்து பாருங்கள். தண்ணீரே படாத இன்னொரு பெட்டியின் பலகை ஓரம் 18 மி.மீ. என்றால் இங்கும் 18 இருக்க வேண்டும். 20, 21 என்று காட்டினால் ஊதியிருக்கிறது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரச் சீவல்களைப் பசை சேர்த்து அழுத்திய பலகை. தண்ணீர் உள்ளே போனதும் அழுத்தப்பட்ட சீவல்கள் விரிந்து எழும், இடையில் இருந்த பசைப்பிடிப்பு அறுந்துவிடும். காய்ந்த பிறகு ஈரம்தான் போகுமே தவிர, சீவல்கள் திரும்ப அமுங்காது. ஊதின பார்ட்டிகிள் போர்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே பட்டி பார்த்து மூடுகிறவர்கள் உண்டு. அடுத்த கசிவு வரைதான் அந்த அழகு.

பிளைவுட் என்றால் விரல் முட்டியால் தட்டுங்கள். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே பிளேடு நுழைகிறதா என்றும் பாருங்கள்.

இனி, பெட்டிகளின் கீழே முன்பக்கம் இருக்கும் அடிப்பட்டையைக் கழற்றி டார்ச் அடியுங்கள். அது பெரும்பாலும் கிளிப்பில் நிற்கும், இழுத்தால் வந்துவிடும். பெட்டிகள் 10 செ.மீ. உயர பிளாஸ்டிக் கால்களில் நின்றால் தரை ஈரம் பலகைக்கு எட்டியிருக்காது. பக்கப் பலகையே தரையில் நின்றால், தரை துடைக்கும் தண்ணீரை வருடக்கணக்காக அது உறிஞ்சிக்கொண்டிருக்கும். எட்ஜ் பேண்ட் (பலகை ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டாத அந்த அடி ஓரம் யார் கண்ணிலும் படாது, அதனால் யாரும் அதை அடைத்திருக்கவும் மாட்டார்கள். கரையான் மண்பாதை இருந்தாலும் இங்கேதான் முதலில் தெரியும்.

கேடு எதுவரை போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. அடிப்பலகை மட்டும் கெட்டிருந்தால் முழு அலமாரியையும் பலி கொடுக்க வேண்டியதில்லை. முதலில் கசிவை நிறுத்துங்கள். பிறகு அடிப்பலகையை அறுத்து எடுத்து, இரண்டு பக்கப் பலகையிலும் 20 மி.மீ. அலுமினியம் ஆங்கிள் திருகி, அதன்மேல் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டையோ கெட்டியான பி.வி.சி. ஃபோம் பலகையையோ போடுங்கள். குழாய் குறுக்கே இருப்பதால் ஒரே துண்டாக நுழையாது. இரண்டு துண்டாக அறுத்து நுழைத்து, சேரும் கோட்டையும் சுற்றோரத்தையும் சிலிக்கோன் வைத்து அடையுங்கள். ஆனால் பக்கப் பலகைகளின் கால் பகுதியே ஊதியிருந்தால் இந்த வேலை உதவாது. மேடைக் கல்லின் பாரம் அதன்மேல்தான் இறங்குகிறது, அந்தப் பெட்டி போக வேண்டியதுதான். ஒரு பெட்டி மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றதற்குப் பெயிண்ட் அடிக்கலாம். மூன்று நான்கு பெட்டிகள் இப்படி என்றால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை.

மற்ற பெட்டிகளுக்கு

பெட்டியின் வாயில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் 2 அல்லது 3 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்தால் சரி. 5 மி.மீட்டருக்கு மேல் போனால் பெட்டி சாய்ந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பின்பலகை ஆணி கழன்றிருக்கும். பெட்டியை நேராக்கிப் பிடித்துப் பின்பலகையைத் திரும்பத் திருகினால் நிமிர்ந்துவிடும்.

கீல் திருகுகளைக் கையால் முறுக்கிப் பாருங்கள், மெஷினால் அல்ல. பிடிக்காமல் வெறுமனே சுற்றினால் ஓட்டை தேய்ந்துவிட்டது. பிளைவுட்டிலும் மரத்திலும் இதைச் சரிசெய்வது சுலபம்: ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி, மரப்பசை தடவிய குச்சியை இறுக்கி அடித்து, ஒரு இரவு காயவிட்டு, ஓரத்துக்குச் சமமாக அறுத்துவிட்டு, 2.5 மி.மீ. முன்துளை போட்டுத் திருகுங்கள். பார்ட்டிகிள் போர்டில் ஒன்றிரண்டு இடம் என்றால் இதே வழி, அல்லது கீலுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு. பாதிக் கீல்கள் சுற்றுகின்றன என்றால் பலகையே தளர்ந்துவிட்டது. கனமான புதுக் கதவை அது தாங்காது.

தொய்ந்த தட்டைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 90 செ.மீ. நீளத் தட்டில் அரிசியும் பருப்பும் அடுக்கினால் தொய்யத்தான் செய்யும். திருப்பிப் போடுங்கள், அல்லது நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள்.

மேல் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே மேல்பக்கம் புதிதாக இடைவெளி தெரிந்தால் அது வேறு விஷயம். மற்ற யோசனைகளை நிறுத்திவிட்டு அன்றைக்கே அதைக் காலி செய்யுங்கள். சுவர்த் திருகு இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

மரத்தில் குண்டூசி ஓட்டைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் தூளைத் துடைத்துவிட்டு, கறுப்புத் தாள் ஒன்றை விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் புதுத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மேலே பெயிண்ட் அடிப்பதால் அது சாகாது, உள்ளேயிருந்து தின்றுகொண்டேதான் இருக்கும்.

கதவு எதனால் ஆனது?

பெட்டி தேறிவிட்டால் அடுத்து கதவு. பெயிண்ட் பிடிக்குமா என்பதை நிறமோ கம்பெனியோ தீர்மானிப்பதில்லை, கதவின் மேற்பரப்புதான் தீர்மானிக்கிறது. விற்றவர் சொன்னதை நம்ப வேண்டியதும் இல்லை. ஒரு கீலைக் கழற்றுங்கள். கதவின் உள்பக்கம் 35 மி.மீ. வட்டக் குழி ஒன்று தெரியும். அந்தக் குழியின் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தால் கதவின் ஜாதகமே தெரிந்துவிடும். சீவல் சீவலாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. அட்டை போல ஒரே பழுப்பு, வழுவழுப்பு என்றால் எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை. கோடு கோடாக அடுக்கு தெரிந்தால் பிளைவுட். மேலிருந்து குழிக்குள் வரை ஒரே ரேகை ஓடினால் முழு மரம்.

முழு மரமும் மரத்தோல் (வெனீர்) ஒட்டிய பிளைவுட்டும் பெயிண்டை நன்றாக வாங்கும். ஆனால் சில மரங்கள் சும்மா இருக்காது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பெயிண்டை ஒட்டவிடாது. பிரைமருக்கு (அடிப்பூச்சுக்கு) முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானதும் உடனே அடிக்க வேண்டும். ஓக் போன்ற மரங்களின் சாயம் நீர்ப் பிரைமரை ஊடுருவி மஞ்சள் கறையாக மேலே வரும், வெள்ளை அடித்தால் பளிச்சென்று தெரியும். அதற்குக் கறை தடுக்கும் அரக்கு வகைப் பிரைமர் வேண்டும். சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்த கதவில் இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பருவம் மாறும்போது நடுப்பலகை சுருங்கி விரியும், இணைப்புகளில் முடி போல ஒரு கோடு விழும். அது வேலைக் குறையல்ல, மரத்தின் குணம். அந்தக் கோடே கூடாது என்பவர்களுக்கு எம்.டி.எஃப். கதவுதான் சரி.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த எம்.டி.எஃப். கதவு, ஓரம் ஊதாமல் இருந்தால், மறுபூச்சுக்கு மிக நல்லது. ரேகை இல்லை, சுருக்கம் இல்லை.

பி.வி.சி. படலம் ஒட்டிய கதவில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடுப்புக்கும் ஓவனுக்கும் பக்கத்தில் சூட்டால் பசை இளகி, படலம் ஓரத்தில் தூக்கும். தூக்கிய படலத்தின்மேல் அடித்த பெயிண்ட் படலத்தோடு சேர்ந்தே உரியும். ஹீட் கன்னால் மெதுவாகச் சூடேற்றினால் படலம் முழுதாக உரிந்துவிடும், உள்ளே எம்.டி.எஃப். இருக்கும். பசையைச் சுரண்டிவிட்டு அதற்கு அடிக்கலாம். ஆனால் செதுக்கிய பள்ளங்களும் ஓரங்களும் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அங்கே மட்டும் தின்னர் வகைப் பிரைமர் இரண்டு முறை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இருபது கதவுக்கு இந்த உரிக்கிற வேலையைக் கணக்குப் போட்டால் புதுக் கதவே மேல் என்று பல சமயம் தோன்றும்.

லேமினேட், அதாவது கெட்டியான வழுக்குத் தாள், ஒட்டிய கதவில் பெயிண்ட் உட்கார இடமே இல்லை. நன்றாகத் தேய்த்து, வழுக்கும் பரப்புக்கென்றே உள்ள ஒட்டுப் பிரைமர் அடித்தால் நிற்கும். ஆனாலும் தினமும் கை படும் ஓரங்களில் சில்லு சில்லாகப் பெயரும். லேமினேட் கதவு நல்ல பிளைவுட்டில் செய்ததாக இருந்தால், மேலே புது லேமினேட் ஒட்டுவது பெயிண்டைவிட உறுதி. ஒன்று மட்டும் கவனம்: முன்பக்கம் 1 மி.மீ. ஒட்டினால் பின்பக்கமும் அதற்கு ஈடாக ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு நாளாக நாளாக வில் போல வளையும்.

கண்ணாடி போலப் பளபளக்கும் அக்ரிலிக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதை யோசிக்கவே வேண்டாம்.

பழைய பூச்சு பிடித்திருக்கிறதா?

புதுப் பெயிண்டின் உறுதி, அதன் அடியில் இருக்கும் பழைய பூச்சின் உறுதிதான். கதவின் கீழ் ஓரம் போல மறைவான இடத்தில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடு கீறுங்கள். இருபத்தைந்து சின்னக் கட்டங்கள் கிடைக்கும். மேலே நல்ல ஒட்டும் டேப்பை நகத்தால் தேய்த்து ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, மடக்கிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். கோட்டோரம் மட்டும் துளி உதிர்ந்தால் பரவாயில்லை. கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்காமல் மேலே எதையும் அடிக்கக் கூடாது. பெயிண்ட் தொழிற்சாலைகளிலும் ஒட்டுதலை இப்படித்தான் சோதிக்கிறார்கள். அந்த முறைக்கு ஐ.எஸ்.ஓ. 2409 என்று பெயர்.

பல பத்தாண்டு பழைய எனாமல் பூச்சு என்றால் அதில் ஈயம் இருக்கக்கூடும். சோதனைக் குச்சி வாங்கிப் பார்க்காமல் உப்புத்தாள் போடாதீர்கள். ஈயத் தூள் சமையலறைக்குள் பறப்பது, அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், விளையாட்டுக் காரியம் அல்ல.

பெயிண்ட் தீர்க்காத குறைகள்

அலமாரியில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூலைப் பெட்டிக்குள் கை எட்டவில்லை, டிராயர் போதவில்லை, கதவு திறந்தால் இன்னொரு கதவில் இடிக்கிறது, மேடை உயரம் முதுகை வலிக்க வைக்கிறது என்பவை பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தால் பெயிண்ட் அடித்த மறுநாளும் அதே எரிச்சல் இருக்கும், நிறம் மட்டும் புதிது. இவற்றில் சிலவற்றை அலமாரியைப் பெயர்க்காமலே தீர்க்கலாம். தட்டு வைத்த கீழ்ப் பெட்டிக்குள் இழுக்கும் கூடை பொருத்தலாம். இடிக்கிற கதவுக்குத் திறப்பைக் குறைக்கும் கிளிப் கீலில் மாட்டலாம். மேடை உயரமும் பெட்டிகளின் வரிசையும் மட்டும் பெயர்க்காமல் மாறாது.

நடுவழி: பெட்டி அப்படியே, கதவு மட்டும் புதிது

பெட்டி நன்றாக இருந்து கதவு கெட்டிருந்தால் இதுதான் நல்ல முடிவு. வியப்பு என்னவென்றால் விலை கேட்கப் போகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. பெயிண்ட், முழு மாற்றம், கதவு மட்டும் என்று மூன்றுக்கும் தனித்தனியாக விலை வாங்கி, ஒவ்வொன்றும் எத்தனை வருடம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதால் வகுத்துப் பாருங்கள். பெயிண்ட் அப்போது அவ்வளவு மலிவாகத் தெரியாமல் போகலாம்.

அளவெடுக்கும்போது பழைய கதவை அளக்காதீர்கள். அது இடிக்கிறது என்று முன்னொரு காலத்தில் யாராவது சீவியிருப்பார்கள். பெட்டியின் வெளி அகலத்தை அளங்கள். பெட்டியை முழுதாக மூடும் கதவு என்றால், 600 மி.மீ. பெட்டிக்கு ஒற்றைக் கதவு 597. 900 மி.மீ. பெட்டிக்கு இரட்டைக் கதவு என்றால் 900-இலிருந்து 6 கழித்து இரண்டால் வகுக்க, ஆளுக்கு 447. இப்படிக் கொடுத்தால் எல்லா இடைவெளியும் 3 மி.மீ. ஆக ஒரே சீராக வரும். 90 செ.மீ. உயரம் வரை இரண்டு கீல், அதற்கு மேல் 160 வரை மூன்று. கீல் வாங்கும்போது பழைய கீல் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். பெட்டியை முழுதாக மூடும் கதவு, பாதி மூடும் கதவு, பெட்டிக்குள்ளேயே உட்காரும் கதவு என மூன்றுக்கும் கீலின் வளைவு வேறு. தப்பாக வாங்கினால் எவ்வளவு திருகினாலும் கதவு உட்காராது.

வெளியே தெரியும் பக்கப் பலகைகளை மறந்துவிடாதீர்கள். புதுக் கதவு வந்ததும் பழைய பக்கம் பளிச்சென்று அசிங்கமாகத் தெரியும். கதவோடு சேர்த்தே அதே நிறத்தில் 6 மி.மீ. பலகை சொல்லி வாங்கி மேலே ஒட்டிவிடுங்கள்.

முழுதாக மாற்றினால் கூடவே என்னென்ன கழலும்

கீழ்ப் பெட்டியை மாற்றுவது என்றால் மேடைக் கல்லைத் தூக்க வேண்டும். 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. 2.4 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்றால் 78 கிலோ. பாரம்கூடப் பெரிய கவலை இல்லை, சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய இடத்தில் முன்னும் பின்னும் மெல்லிய பட்டைதான் மிஞ்சியிருக்கும், தூக்கும்போது கல் அங்கேதான் உடையும். கல் உடைந்தால் கல், கல்லோடு சேர்த்து ஒட்டிய சுவர் டைல், பிறகு குழாய், எரிவாயு இணைப்பு, ஸ்விட்ச் என்று வேலை நீளும். பெட்டிகளுக்கு மட்டும் விலை பேசிவிட்டு இதையெல்லாம் விட்டுவிட்டால் கணக்கு பாதியில்தான் நிற்கும்.

கல்லை அசைக்கவே முடியாது என்றால் பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, பழையதை உள்ளேயே அறுத்து எடுத்து, புதுப் பெட்டியை 5 மி.மீ. உயரம் குறைவாகச் செய்து நுழைத்து, கீழே திருகுக் காலால் உயர்த்திக் கல்லைத் தொட வைக்க வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் கல் பிழைக்கும்.

பெயிண்ட் என்று முடிவானால்

முதலில் ஒரே ஒரு கதவு. அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படியையும் அதற்குச் செய்து, மாட்டி, நான்கு வாரம் புழங்குங்கள். பிறகு நகத்தால் சுரண்டிப் பாருங்கள், டேப் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்தப் பொறுமை இருந்தால் மற்ற பத்தொன்பது கதவும் பாழாகாது.

எவ்வளவு வாங்குவது? 40 க்கு 70 செ.மீ. கதவு ஒரு பக்கம் 0.28 சதுர மீட்டர், இரு பக்கமும் 0.56. இருபது கதவுக்கு 11.2. பெட்டிகளின் முகப்பு ஓரமும் சேர்த்து 13 என்று வைத்துக்கொள்ளலாம். எனாமல் லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் பரவும். ஆக, பிரைமர் ஒன்றரை லிட்டர், மேல்பூச்சு இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர். உப்புத்தாள் 180, 240, 320 எண்களில். 4 அங்குல ஃபோம் ரோலர், 2 அங்குலப் பிரஷ்.

கதவுகளைக் கழற்றும்போது எண் போடுங்கள். எண்ணைக் கதவின் மேல் எழுதினால் பெயிண்டில் மறைந்துவிடும். கீல் குழிக்குள் எழுதி, அதன்மேல் டேப் ஒட்டுங்கள். கீல்களையும் திருகுகளையும் அதே எண் போட்ட கவரில் போட்டு வையுங்கள்.

அடுத்தது கழுவுவது. எத்தனையோ அலமாரிகளில் பெயிண்ட் உரிவதற்குக் காரணம் பெயிண்ட் அல்ல, எண்ணெய். பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் அது கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. எனவே தேய்ப்பதற்கு முன்பே, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடையுங்கள். கைப்பிடியைச் சுற்றியும் மேல் ஓரத்திலும் கூடுதலாக ஒரு முறை. சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. பளபளப்பு வரச் சிலிக்கோன் பாலிஷ் போட்டுப் பழகிய கதவு என்றால் தின்னரிலும் துடையுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் அங்கங்கே விலகி மீன்கண் போல வட்டக் குழிகள் விழும்.

நன்றாகக் காய்ந்ததும் 180 தாளில் தேய்க்க வேண்டும். பழைய பூச்சை எடுக்க அல்ல, பளபளப்பை மங்க வைக்க. ஓரங்களில் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஓட்டைகளையும் தழும்புகளையும் மரத்துக்கான பட்டியால் அடையுங்கள். மிச்சமிருக்கிறதே என்று சுவருக்கு வாங்கிய சிமெண்ட் பட்டியைப் போட்டால், கதவு நாலு முறை அடித்துச் சாத்தப்பட்டதும் அப்படியே தட்டாக விழும்.

தூளைத் துடைத்து ஒரு கோட் பிரைமர். காய்ந்ததும் 240-இல் லேசாகத் தேய்த்தால் வெள்ளை மாவு வர வேண்டும். தாளில் பிசின் போல உருண்டால் இன்னும் காயவில்லை, காத்திருங்கள். சட்டமும் நடுப்பலகையும் உள்ள கதவில் பள்ளத்தில் முதலில் பிரஷ், பிறகு நடுப்பலகை, அடுத்து குறுக்குச் சட்டம், கடைசியில் நெட்டுச் சட்டம் என்று போங்கள். பள்ளத்து மூலையில் பெயிண்ட் தேங்கும். பத்து நிமிடம் கழித்து வந்து, காய்ந்த பிரஷ்ஷின் நுனியால் அதை இழுத்துவிடுங்கள். மேல்பூச்சு இரண்டு கோட், இரண்டும் மெல்லியதாக, நடுவில் 320 தாள். டப்பாவில் எழுதியிருக்கும் மறுகோட் நேரத்தை மதியுங்கள். அவசரப்பட்டால் கீழ்க்கோட் சுருங்கி எழும்.

எந்த வகைப் பெயிண்ட்? சுவருக்கான எமல்ஷன் கூடவே கூடாது. கை படும் இடத்தில் பிசுபிசுக்கும், கதவு ஓரம் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது உரியும். எண்ணெய் எனாமல் உறுதியானது. ஆனால் வெள்ளை வேண்டும் என்பவர்கள் யோசிக்க வேண்டும், அது வெளிச்சம் படாத இடத்தில்தான் வேகமாக மஞ்சளாகும். கதவின் உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் ஒரு நிறம் என்று ஆகிவிடும். மரச்சாமான்களுக்கான நீர் எனாமல் மஞ்சளாகாது, நாற்றமும் குறைவு, முழுதாக இறுக மட்டும் நாளாகும். கடினர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பி.யு. (பாலியுரேத்தேன்) பூச்சு எல்லாவற்றையும்விட உறுதி. அதன் கடினரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான ரசாயனம் இருப்பதால், ஸ்ப்ரே செய்யும்போது துணி முகக்கவசம் எதற்கும் உதவாது. அதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், கதவுகளைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். தின்னர் வகை எதை அடித்தாலும் அடுப்பும் விளக்கும் அணைந்திருக்கட்டும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் எட்டும்.

மழை நாளில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பளபளப்புப் பூச்சு பால் படிந்தது போல வெளுக்கும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்தது என்றுதான் அர்த்தம், இறுகியது என்று அல்ல. நீர் எனாமல் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கதவின் மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டி வையுங்கள், ஈரத் துணியால் மட்டும் மெதுவாகத் துடையுங்கள், கைப்பிடியில் துண்டு தொங்கவிடாதீர்கள். மிஞ்சிய பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் உள்ளே இருக்கும் காற்றில் தோல் கட்டிவிடும். சின்னக் கண்ணாடிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் மேலே எழுதி, ஒரு மெல்லிய பிரஷ்ஷோடு ஏதாவது ஒரு மேல் அலமாரியில் வையுங்கள். முதல் கீறல் விழும்போது தேட வேண்டியிருக்காது.